புற்றுக்காளான், வைக்கோல்போர்க் காளான், தென்னை அடிக்காளான்: எதைச் சமைக்கலாம், எதுக்கு மருந்துக் குணம் உண்டு?

மன்னைக்கொல்லை கேட்டது:

ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து எங்க பக்கம் (மன்னார்குடிக்குக் கிழக்கே) நாலு விதமான காளான் கிளம்பியிருக்கு. விவரம் கீழே.

அ) வரப்போரக் கரையான் புத்தைச் சுத்தி. வெள்ளைக் குடை, நடுவுல மட்டும் பழுப்பா கெட்டியா ஒரு கூர்முனை. அகலம் நாலு விரற்கடையில இருந்து ஆறு விரற்கடை. தண்டு மண்ணுக்குள்ள ஆழமா இறங்குது.

ஆ) தை அறுவடை வைக்கோல்போர் அடியில, நனைஞ்சு மக்கின பக்கம். கருஞ்சாம்பல் நிறத்துல முட்டை முட்டையா மொட்டு. சிலது விரிஞ்சிருக்கு.

இ) தென்னந்தோப்புப் புல்லுல. ஒரு சாண் அகல வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டுல வளையம். வட்டமா வரிசை கட்டி நிக்குது.

ஈ) ஒரு தென்னையோட அடிமரத்துல. செம்பழுப்பு, மேலே அரக்கு பூசின பளபளப்பு, மரக்கட்டை மாதிரி கெட்டி.

எதெது சாப்பிடலாம்? அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. ஸ்டென்ட் வெச்சதால க்ளோபிடோக்ரெல் மாத்திரையும் போகுது. காட்டுக்காளான் சர்க்கரைக்கு நல்லதுன்னும், (ஈ) தான் கடையில விக்கிற ரெய்ஷிங்கிற மருந்துக் காளான்னும் சொல்றாங்க. காய வெச்சுப் பொடி பண்ணிக் கொடுக்கலாமா? பூண்டு போட்டு வேக வெச்சு, பூண்டு கறுத்தா விஷம்னு ஊர்ல ஒரு சோதனை சொல்றாங்களே, அது சரியா?

---

பூஞ்சைநோட்டு எழுதியது:

பூண்டுச் சோதனையை முதலில் தூக்கிப் போடுங்கள். பூண்டு கறுப்பது, வெள்ளிக்காசு கறுப்பது, அரிசி சிவப்பது, மஞ்சள் நிறம் மாறுவது எல்லாம் ஒரே ரகம்தான். உயிரைக் குடிக்கும் அமாடாக்சின் நஞ்சு இதில் எதையும் நிறம் மாற்றாது. வேக வைத்தாலும் காய வைத்தாலும் அது அழியாது. பூச்சியும் நத்தையும் கடித்திருந்தால் நல்ல காளான் என்பதும் தப்பு. நத்தைக்கு அந்த நஞ்சு ஒன்றும் செய்வதில்லை, நமக்குத்தான் செய்யும்.

(அ) நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் டெர்மிட்டோமைசஸ், அதாவது புற்றுக்காளான். உறுதி செய்ய ஒன்றை மட்டும் வேரோடு பார்க்க வேண்டும். தண்டு மண்ணுக்குள் போகப் போக மெலிந்து, வேர் போல நீண்டு, கரையான்கள் உள்ளே கட்டி வைத்திருக்கும் பூஞ்சைத் தோட்டத்தில் போய் முடியும். நடுக்குமிழ் கெட்டியாக இருப்பதும் அந்த மண்ணைத் துளைத்து வருவதற்குத்தான். ஒன்றைப் பார்த்து உறுதி செய்தால் போதும், மற்றவற்றைத் தோண்ட வேண்டாம். தரைமட்டத்தில் திருகியோ கத்தியால் அறுத்தோ எடுங்கள். உள்ளே இருக்கும் தோட்டம் சிதைந்தால் அடுத்த மழைக்கு அந்த இடத்தில் வராது. புற்றின் வாயில் கை விடாதீர்கள், மழைக்காலத்தில் நல்லபாம்பு ஒதுங்குகிற இடம் அது. இந்த வகையைக் கொட்டகை போட்டு வளர்க்கவும் முடியாது. கரையானோடு சேர்ந்துதான் பிழைக்கும். இதே புற்றடியில் ஒரு விரற்கடைக்கும் சிறிதாக, அரிசி இறைத்தது போல நூற்றுக்கணக்கில் வெள்ளையாக முளைத்தால் அது டெர்மிட்டோமைசஸ் மைக்ரோகார்ப்பஸ். கரையான்கள் வெளியே தள்ளிய பழைய தோட்டத் துணுக்குகளில் வருவது. அதுவும் உணவுதான். ஆனால் அவ்வளவு சிறிய வெள்ளைக் காளான்களில் போலிகள் அதிகம். புது ஆள் அதில் கை வைக்காமல் இருப்பது நல்லது.

(ஆ) வால்வேரியெல்லா, வைக்கோல் காளான். இதில் பார்க்க வேண்டியவை மூன்று. தண்டின் அடியில் கிழிந்த பை இருக்க வேண்டும். தண்டில் வளையம் இருக்கக் கூடாது. விரிந்த குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக உள்ள செவுள்கள் முதலில் வெள்ளையாக இருந்து பிறகு இளஞ்சிவப்பாக வேண்டும். அடியில் பை, தண்டில் வளையம், வெள்ளை வித்துத்தூள் (செவுளில் இருந்து உதிரும் விதை போன்ற தூள்) மூன்றும் சேர்ந்து வந்தால் அது அமானிட்டா இனம், கொடிய நஞ்சுள்ளவை அதில்தான் இருக்கின்றன. இரண்டின் மொட்டும் முட்டை போலவே இருக்கும், நெடுக அறுத்தாலும் உள்ளே குட்டிக் குடைதான் தெரியும். அதனால் மொட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே கொத்தில் ஒன்றிரண்டை விரிய விட்டுப் பாருங்கள். வைக்கோலில் இருந்து வராமல் மண்ணில் இருந்து வரும் எந்த ‘முட்டையும்’ சமையலுக்கு வேண்டாம். போரிலேயே மெலிந்த தண்டோடு வந்து, மறுநாள் கறுத்து மையாக ஒழுகுவது வேறு சாதி, மைக்காளான். அதைக் கலக்காதீர்கள்.

(இ) தான் எனக்குக் கவலை. புல்தரை, வட்ட வரிசை, பழுப்புச் செதில், தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம்: இது குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் ஆக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. உலகம் முழுக்க வெப்பநாடுகளில் ஆட்களை வாந்தி பேதியில் தள்ளுவது பெரும்பாலும் இதுதான். இளசில் செவுள் வெள்ளையாகவே இருப்பதால் நல்ல காளான் என்று நினைத்துவிடுவார்கள்.

இதைப் பிரித்தறிய வித்துத்தூள் எடுத்துப் பாருங்கள். நன்றாக விரிந்த குடையாக ஒன்றை எடுத்து, தண்டைக் குடையோடு ஒட்ட அறுத்துவிடுங்கள். பாதி வெள்ளை பாதி கறுப்பாக இருக்கும் தாளில் செவுள் கீழே பார்க்க வையுங்கள். குடை மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரையோ கிண்ணத்தையோ கவிழ்த்து மூடி, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் 4 மணி முதல் 12 மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் பச்சை சாம்பலாகத் தெரியும். தூள் மெலிதாக இருந்தால் பிளேடால் ஒரு பக்கமாகச் சுரண்டிக் குவித்துப் பாருங்கள். (அ) இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம், (ஆ) இளஞ்சிவப்பு, (இ) நான் நினைப்பது சரி என்றால் மங்கல் பச்சை. மொட்டு விரியாமல் இருந்தால் தூள் விழாது. ஒன்றும் விழவில்லை என்றால் ‘வெள்ளை’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அதுதான் இந்தச் சோதனையில் எல்லாரும் சறுக்கும் இடம்.

---

வெண்ணாற்றங்கரை எழுதியது:

சத்து விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘காளானில் 30 சதவீதம் புரதம்’ என்பது காய்ந்த எடைக்கான கணக்கு. பறித்த காளானில் ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த காளானுக்குப் பத்துக் கிலோ பச்சைக் காளான் வேண்டும். அந்த 30-லும் ஒரு கழிவு இருக்கிறது. ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்கிப் புரதம் என்று போடுவார்கள். காளானின் செல்சுவர் கைட்டினால் ஆனது, அதிலும் நைட்ரஜன் உண்டு, ஆனால் அது புரதம் இல்லை. அதனால் காளானுக்கு 4.38 ஆல் பெருக்குவதுதான் சரி. அப்படிப் போட்டால் 30 என்பது 21 ஆகிவிடும்.

தட்டில் என்ன விழும் என்றால், அளந்து வைத்திருக்கும் சிப்பிக்காளானை எடுத்துக்கொள்ளுங்கள்: பச்சையாக 100 கிராமில் சுமார் 33 கலோரி, 3.3 கிராம் புரதம், 2.3 கிராம் நார், அரை கிராமுக்கும் குறைவான கொழுப்பு, 420 மில்லிகிராம் பொட்டாசியம், 18 மில்லிகிராம் சோடியம். ஆக 200 கிராம் காளான் பொரியலில் கிடைக்கும் புரதம் ஒரு முட்டை அளவுதான். ஆனால் அதே தட்டில் மாவுச்சத்து மிகக் குறைவு, நயாசின், ரைபோஃபிளேவின் நல்ல அளவு. சர்க்கரை நோயாளிக்கு நன்மை இங்கேதான். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் காளானை வைத்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏறுவது குறையும். மூன்று கரண்டி சோற்றோடு கூடுதலாக ஒரு கரண்டி காளான் வைத்தால் எதுவும் குறையாது. மாத்திரையை இதற்காகக் குறைக்கவே கூடாது.

பிரஷருக்குப் பொட்டாசியம் நல்லது என்பது சிறுநீரகம் சரியாக இருக்கும்வரைதான். சர்க்கரையும் பிரஷரும் பல வருடமாக இருக்கிறவர்களுக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். யூரிக் அமிலம் கூடியவர்களும் வாரம் ஒரு முறைக்கு மேல் போக வேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று வைட்டமின் டி. காளானில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். போர் அடியில், நிழலில் வளர்ந்ததில் இது கிட்டத்தட்ட இல்லை. பறித்து நறுக்கி, முறத்தில் செவுள் வானம் பார்க்கப் பரப்பி, 10 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே அரை மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயன் இல்லை, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சமைத்தாலும் இந்த வைட்டமின் பெரும்பகுதி தங்கும். பி12 காளானில் கிடைக்கும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள், இருப்பது நூலளவு. அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் இது இன்னும் முக்கியம், அந்த மாத்திரையே பி12-ஐக் குறைக்கும்.

---

தோப்புவாசல் எழுதியது:

(ஈ) பற்றி. அது கானோடெர்மா. ரெய்ஷியும் அதே பேரினம்தான், அதனால் ஊரார் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அது உங்கள் மரத்துக்கு வந்திருக்கும் நோய். தஞ்சாவூர் வாடல் என்று பெயரே வாங்கிய அடித்தண்டு அழுகல். 1952-இல் புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்துத் தோப்புகளில் கண்டதால் வந்த பெயர். முதலில் அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடியும், பிறகு அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், காய் குறையும். காளான் வெளியே தலை காட்டும்போது உள்ளே வேரும் அடித்தண்டும் நன்றாக அழுகியிருக்கும்.

இதை மருந்தாக எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் வேறு. வாடல் கண்ட மரத்துக்கு வேர் வழியாகப் பூஞ்சைக்கொல்லி மருந்து கட்டுவார்கள்: ஆரியோஃபங்கின் 2 கிராமும் மயில்துத்தம் 1 கிராமும் 100 மில்லி தண்ணீரில், அல்லது (2018-இல் தடை செய்யப்படும் வரை) ட்ரைடெமார்ஃப் 2 மில்லி 100 மில்லி தண்ணீரில், மூன்று மாத இடைவெளியில் மூன்று தடவை. வண்டுக்கும் சிலந்திக்கும் வேர் வழியாகப் பூச்சிமருந்து கட்டிய மரங்களும் பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஏராளம். அப்படிக் கட்டினால் 45 நாள் இளநீர் வெட்டாதே என்கிறோம். அதே மரத்தின் அடியில் உட்கார்ந்து அதையே தின்று வளரும் காளானைக் கொதிக்க வைத்துக் குடிப்பதில் என்ன நியாயம்? போதாததற்கு ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் காளான்கள் இழுத்துச் சேர்த்து வைக்கும். இதனால்தான் ரோட்டோரக் காளானும் வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு இன்னொரு தடை. கானோடெர்மா ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கக்கூடியது. க்ளோபிடோக்ரெல் செய்வதும் அதே வேலை. இரண்டும் சேர்ந்தால் ஈறு, மூக்கு, வயிறு எங்கும் கசியலாம். ரெய்ஷிப் பொடியால் கல்லீரல் கெட்ட நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே மரத்தில் இருப்பதும் வேண்டாம், கடையில் இருப்பதும் வேண்டாம்.

‘புற்றுநோய்க்கு ஜப்பானில் காளான் கொடுக்கிறார்கள்’ என்பதும் அடிக்கடி வரும். கொடுத்தது உண்மை. ஷிட்டாகேயில் இருந்து லென்டினான், ட்ரமெட்டிஸ் வெர்சிகலரில் இருந்து கிரெஸ்டின், நம்மூர்ப் பட்ட மரத்தில் விசிறி விசிறியாக வரும் பிளவுச் செவுள் காளானில் இருந்து ஸிசோஃபிரான். மூன்றும் பிரித்துச் சுத்தம் செய்த பீட்டா குளுக்கான் சார்ந்த சத்துகள். லென்டினானும் ஸிசோஃபிரானும் ஊசி மருந்து, கிரெஸ்டின் வாய்வழி, எல்லாமே வழக்கமான சிகிச்சைக்குத் துணையாக. காளான் குழம்பில் இருக்கும் பீட்டா குளுக்கான் குடலுக்கு நல்ல நார்ச்சத்து, அந்த அளவில் நிறுத்திக்கொள்வோம். சிப்பிக்காளானில் கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் உண்டு என்பதும் நிஜம், அளவு தண்டுக்கு ஒன்று குடைக்கு ஒன்று என்று மாறும். கொழுப்பு மாத்திரைக்கு மாற்று என்று அதைச் சொல்ல முடியாது.

மரத்தைக் கவனியுங்கள்: காளானைப் பெயர்த்து எரித்துவிடுங்கள், மரத்தைச் சுற்றி 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) 40 லிட்டர் ஊற்றுங்கள், வருடம் மரத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, பக்கத்து மரத்துக்குத் தண்ணீர் பாயாமல் தனி வட்டப்பாத்தி.

---

மன்னைக்கொல்லை எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. (ஈ)-யை மருந்துப் பட்டியல்ல இருந்து எடுத்தாச்சு. மூணுக்கும் இன்னிக்கு ராத்திரி தூள் எடுத்துப் பாக்குறேன். (அ)-வும் (ஆ)-வும் சரின்னா எப்படிச் சுத்தம் பண்றது, எவ்வளவு நேரம் வேகணும்? அடைமழையில காய வெக்க முடியலையே, ஃப்ரிட்ஜ்ல வெக்கலாமா?

---

சின்னவெங்காயம் எழுதியது:

ஃப்ரிட்ஜுல வைக்கோல் காளானை வெக்காதீங்க. காய்கறி எல்லாம் குளிர்ல நிக்கும், இது மட்டும் 4, 5 டிகிரியில தண்ணி விட்டுக் கூழாயிடும். 10 முதல் 15 டிகிரிதான் தாங்கும், வீட்டுல அந்தச் சூட்டுக்கு இடம் கிடையாது. பறிச்ச அன்னிக்கே சமைச்சுடணும், அதுவும் முட்டைப் பருவத்துல, இல்லாட்டி குடை விரிய ஆரம்பிக்கையில. நல்லா விரிஞ்சு செவுள் சிவந்தது இனம் காட்டத்தான் உதவும், ருசி போயிடும்.

புற்றுக்காளானை பிளாஸ்டிக் பையில கட்டாதீங்க. அது மூச்சு விடும், பைக்குள்ள வேர்த்து நாலஞ்சு மணி நேரத்துல வழவழன்னு ஆகி வாடை அடிக்கும். அதைத் தின்னு வயிறு கெட்டாலும் பழி காளான் நஞ்சு மேலதான் விழுது. பனையோலைக் கொட்டான் இல்ல மூங்கில் கூடை, அடியில வாழையிலை, வகைக்கு ஒரு கூடை.

சுத்தம்: வேர்ப் பகுதியை மண்ணோட வெளியிலயே அறுத்துடுங்க. வீட்டுக்குள்ள கொண்டுவந்து வெட்டினா அத்தனை மண்ணும் செவுள்ல ஏறிக்கும், பிறகு எத்தனை தண்ணி மாத்தினாலும் பல்லுல கரகரக்கும். தண்டை நெடுகப் பிளந்து பாருங்க, ஊசித் துளை இருந்தா உள்ள புழு. குடையைத் தூரிகையாலயோ துணியாலயோ துடைச்சு, மஞ்சத்தண்ணியில ஒரே முக்கு. ஊற வெச்சா பஞ்சு மாதிரி குடிச்சுட்டு வாணலியில ஒரு வெள்ளம் விடும்.

வேக வெக்கறது: அகலமான இரும்புச் சட்டி, எண்ணெய் வேண்டாம், 250 கிராமைப் போட்டு நடுத்தீ. அஞ்சு நிமிஷத்துல தானே தண்ணி விடும். மூடி போட்டு அந்தத் தண்ணியிலயே பத்து நிமிஷம் கொதிக்கட்டும், அப்புறம் மூடி திறந்து சுண்ட விடுங்க. அதுக்குப் பிறகு நல்லெண்ணெய் ரெண்டு டீஸ்பூன், பன்னெண்டு சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, இடிச்ச மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை, உப்பு கடைசியில. மொத்தம் 20 நிமிஷத்துக்குக் குறையக் கூடாது. வைக்கோல் காளான்ல வால்வாடாக்சின்னு இதயத்தைப் பாதிக்கிற ஒரு புரதம் உண்டு. சூட்டுல அழியுற ரகம், ஆனா அரைவேக்காட்டுல, சாலட்டுல அழியாது. கைட்டினும் வெந்தாத்தான் வயிறு சமாளிக்கும்.

மழையில காய வெக்கறது வீண் வேலை. பாதி காஞ்சு பூசணம் பிடிச்சதைப் பொடி பண்ணா உங்களுக்குத் தெரியவே தெரியாது. 50, 60 டிகிரி வெக்கிற டிரையர் இருந்தா அரை சென்டிமீட்டர் துண்டு, ஒடிச்சா மளுக்னு ஒடியணும், வளைஞ்சா ஈரம் இருக்கு. டிரையர் இல்லாட்டி ரெண்டு மூணு நிமிஷம் கொதிநீர்ல போட்டெடுத்து, ஆற விட்டு, வடிச்சு ஃப்ரீசர். (இது புற்றுக்காளானுக்கும் வைக்கோல் காளானுக்கும் ரெண்டுக்கும் ஒத்துவரும், ஃப்ரீசர்ல போனது குழம்புக்குத்தான், வறுவலுக்கு ஆகாது.) பொடி மட்டும் பண்ணாதீங்க. பொடியானா என்ன காளான்னு மறுபடி பாக்க வழியே இல்லை.

அப்புறம் ஒண்ணு, அந்தப் புத்துல கரையான் மருந்து ஊத்தியிருக்கா, அந்த வரப்புல களைக்கொல்லி அடிச்சிருக்கா, போர் போட்ட சம்பாவுக்குக் கதிர் வர்ற நேரத்துல குலைநோய் மருந்து அடிச்சாங்களான்னு கேளுங்க. ஆமான்னா இந்த வருஷம் விட்டுடுங்க. வைக்கோல் காளான் ஆசை இருந்தா மருந்தடிக்காத வைக்கோல்ல படுக்கை போட்டுக்கலாம், 32 முதல் 35 டிகிரி வெக்கையில நல்லா வரும், நம்ம சித்திரை வைகாசிக்கு ஏத்தது. பால்காளானும் அப்படித்தான், அருப்புக்கோட்டையில இருந்து 1998-ல வந்த ஏபிகே 2 இந்த வெப்பத்துக்குன்னே விட்ட ரகம். அம்மாவுக்கு வாரா வாரம் வேணும்னா காட்டுக்காளானைத் தேடறதைவிட இதுதான் தோது.

---

இரவுப்பணி எழுதியது:

சமைக்கிற அன்றைக்கே செய்து வைக்க வேண்டியது: பச்சையாக இரண்டு முழுக் காளான், அடித்தண்டோடு, தாளில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் இரண்டு நாள். முதல் தடவை வயது வந்தவர் ஒருவர் மட்டும், 50 கிராம், ஒரே வகை. அன்றைக்குச் சாராயம், பீர் எதுவும் கூடாது, சில மைக்காளான்கள் மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து நெஞ்சு படபடத்து ஆளைச் சாய்க்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஸ்டென்ட் வைத்த அம்மாவுக்கும் இந்தச் சோதனை வேண்டாம்.

வாந்தி எப்போது தொடங்கியது என்பதை மணிக்கணக்காகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் என்றால் பெரும்பாலும் குடலை எரிக்கும் வகை, நீரிழப்புதான் ஆபத்து. ஆறு மணி நேரம் கழித்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத் தொடங்கினால் அமாடாக்சினை நினைக்க வேண்டும். அதில் ஒரு நாள் வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஆள் தெளிந்தது போல இருப்பார், உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டில் வைத்துக்கொள்வது அந்தக் கட்டத்தில்தான். சீக்கிரம் வாந்தி வந்தது என்பதால் அமாடாக்சின் இல்லை என்றும் சொல்ல முடியாது, இரண்டு வகை ஒரே சட்டியில் வெந்திருக்கலாம்.

உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், முட்டை வெள்ளை என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். 108. அந்தச் சட்டியில் சாப்பிட்ட எல்லாரும், நன்றாக இருப்பவர்களும் சேர்ந்தே போக வேண்டும். எடுத்து வைத்த பச்சைக் காளான், மிச்சக் குழம்பு, வாந்தி ஒரு டப்பாவில். எந்த இடத்தில், எதன் மேல் முளைத்தது என்பதையும் சொல்லுங்கள், டாக்டருக்குப் பெயரைவிட அது உதவும். ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றியதோடு நிறுத்தாமல், கல்லீரல் ரத்தப் பரிசோதனை மறுநாளும் அதற்கடுத்த நாளும் வேண்டும் என்று கேளுங்கள்.

---

மன்னைக்கொல்லை எழுதியது:

தூள் பாத்தாச்சு. (அ) வெளிர் ரோஸ். (ஆ) நல்ல ரோஸ், வளையம் இல்லை, அடியில பை இருக்கு. (இ) காலையில வெளிச்சத்துல பாத்தா பாசி நிறம், சுரண்டிக் குவிச்சதுல பச்சை தெளிவா தெரியுது. கையில பட்டதால எதுவும் ஆகுமா? தோப்புல மாடு மேயுது, கோழியும் இருக்கு.

---

பூஞ்சைநோட்டு எழுதியது:

அப்போது (இ) குளோரோபில்லம்தான், பச்சைத் தூள் விழுகிற பெரிய வெள்ளைக் குடை வேறு கிடையாது. தொட்டால் ஒன்றும் ஆகாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். நஞ்சு வாய் வழியாகத்தான். மாடு, நாய், கோழி எதையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். பிடுங்கி எருக்குழியில் போடாமல் தனியாகக் குழி வெட்டி மூடுங்கள். அடியில் இருக்கும் பூஞ்சை இழை அப்படியே இருக்கும், அதனால் அடுத்த மழைக்கு அதே வட்டம் கொஞ்சம் அகலமாகத் திரும்ப வரும். மொட்டாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அந்த மொட்டு பார்வைக்குக் கடைக் காளான் போலவே இருக்கும், குழந்தைகள் விளையாடுகிற தோப்பு என்றால் ஐப்பசி, கார்த்திகை முழுக்கத் தினம் காலையில் ஒரு சுற்று பார்க்க வேண்டியிருக்கும்.

(அ) (ஆ) இரண்டுக்கும் குறி சரியாகவே இருக்கிறது. மருந்து அடித்த விவரத்தைக் கேட்டுவிட்டு, ‘இரவுப்பணி’ சொன்ன 50 கிராமில் தொடங்குங்கள், ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும்.